இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கண்ணாடி போடாமலே எதிர்வரும் லாரியின் நம்பரைப் படித்துவிடுவார், கை நடுங்காது, வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் சமாளித்துவிடலாம். அந்த ஒரு கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்தியது. முடிவெட்டும் கடையில் நாற்காலியைச் சட்டென்று பின்னால் சாய்த்தால் அது தரையை ஓங்கி மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார், ஏனென்றால் உதை அவர் முதுகுக்குத்தான் போகும். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் விரிசல் விட்டிருப்பதற்கும் காரணம் அந்தக் கால்தான்.

மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கும் ஒரு பிரேக் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாணவர் ரிவர்ஸ் எடுப்பதாகச் சொல்லி நேராகப் போய் ஒரு சுவரைப் பார்த்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே புகுந்த பயம் வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்தாலும் நின்றாலும் ஏதோ ஒன்று மோதப் போகிறது என்றுதான் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. கேஸ் மூடியாச்சா, கதவு சாத்தியாச்சா, பையன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும், அதுதான் கொடுமை.

அவர் மனைவி பியானோ டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாஸ்டரும் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். முன்னறையில் ஒரு பழைய பியானோ, அதற்கு முன்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அவர்கள் தட்டுவதைக் கேட்டே மாஸ்டர் காலம் தள்ளியிருந்தார். பியானோ என்றால் அவருக்கு மழைச் சத்தம் மாதிரி. வந்தால் வரும், நின்றால் நிற்கும். டீச்சர் தனக்காக வாசித்து அவர் கேட்டதாக ஞாபகமே இல்லை. வாசித்திருப்பார். இந்த மனிதர் அந்த நேரம் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார்.

பையன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர். ஆளுயரத்துக்கு ஒரு பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் பக்கவாட்டாக நுழைவார். இன்னொருத்தி டயர்க்கடை நடத்துகிறவள். வாரமெல்லாம் சக்கரம் கழற்றி மாட்டும் கை, ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் வாசித்தது. சோபா தாழ்வாரத்துக்குப் போனது, அதோடு மாஸ்டரும் போனார்.

அவர்கள் வாசித்தது ஜாஸ். அதிலும் பீபாப் என்று ஒரு வகை, தலைதெறிக்க ஓடுகிற பழைய பாட்டுகள். சரி, அதையாவது ஓடுகிற மாதிரி வாசித்தார்களா? இல்லை. ஓட வேண்டியதை நடக்க வைத்தார்கள், நடக்க வேண்டியதை உட்கார வைத்தார்கள். பியானோ சொல்ல வேண்டியதை பேஸ் சொன்னது. டிரம்ஸ்காரி குச்சியை ஓரமாக வைத்துவிட்டு பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல் பறப்பார்கள். தாழ்வாரத்தில் மாஸ்டர் சோபா விளிம்புக்கு வந்துவிடுவார்.

"பாட்டு எங்கதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"அடியில இருக்கு" என்றார் டீச்சர்.

"அடியில இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு பேரும் ஆளுக்கொரு ஊருக்குப் போற மாதிரி இருக்கு. எங்கயாவது இடிச்சுக்கப் போறீங்க."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

வம்பு அதற்கு அடுத்த ஞாயிறு வந்தது. பியானோ இருந்த நூலகத்து மாடி அறையில் ஆட்களை உட்கார வைத்து, நேராக வாசித்துப் பதிவு செய்வது என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஒத்திகையாக மருந்துக்கடைக்காரர் முன்னறைத் தரையில் ஒரு மைக்கை வைத்தார். மரத்தரை. மாஸ்டர் தேநீர் கொண்டுவந்து வைத்தவர் அப்படியே கதவோரம் நின்றுவிட்டார். பாட்டு நன்றாகத்தான் போனது போலிருக்கிறது, டயர்க்கடைக்காரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேகம் ஏறியது, இன்னும் ஏறியது, மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போது மூன்று பேரும் ஒரே வெட்டில் நின்றார்கள். அறையில் சத்தமே இல்லை. டீச்சரின் கை கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

போச்சு, வழி தவறிட்டா என்றுதான் மாஸ்டருக்குத் தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் கால் தரையை ஓங்கி மிதித்துவிட்டது. தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. மைக் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

யாரும் திட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் பேஸ் வாசிக்கும் வில்லைத் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. டயர்க்கடைக்காரி தண்ணீர் குடிக்கப் போனாள். டீச்சர் பியானோவை மூடினார்.

"நீ வழி தெரியாம நின்னுட்டியோன்னு பயந்துட்டேன்" என்றார் மாஸ்டர்.

"நானாத்தான் நிறுத்தினேன்."

"கேக்கறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியணும்." டீச்சர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வாசிக்கிறதை எல்லாரும் கேப்பாங்க. நான் எதை வாசிக்காம விடறேன்னு கேக்கத்தான் இந்த வீட்ல ஒரு ஆள் இல்ல. ரெக்கார்டிங் அன்னிக்கு நீங்க வர வேண்டாம்."

கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் அவரை எத்தனையோ சொல்லியிருக்கிறார். வாயை மூடுங்க என்றிருக்கிறார், கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்காவது போங்க என்றிருக்கிறார். வர வேண்டாம் என்று சொன்னதில்லை. மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, அதை மறைக்க வாசலில் போய் ஷூவுக்கு பாலிஷ் போட்டார்.

மறுநாள் முன்சக்கரத்தை மாற்ற டயர்க்கடைக்குப் போனார். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், ஜாக்கியை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்ன மாஸ்டர், டயருக்கு ஒண்ணும் இல்லையே."

"அந்தப் பாட்டு எனக்கு எப்படிம்மா புரியும்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நாங்க வாசிக்கிறதைக் கேக்காதீங்க. முதல்ல பழசைக் கேளுங்க. ஒரிஜினலை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்குக் கேளுங்க. அப்புறம் எங்ககிட்ட வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு சொல்லிட்டீங்களே, கேட்டுப் பாருங்க முதல்ல" என்று அவர் போனிலேயே பாட்டுகளைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டார். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில், வண்டியை மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். அடேயப்பா! ஊதுகிறவன் மூச்சு விடுவானா மாட்டானா என்று இவருக்கு மூச்சு முட்டியது. முதல் வாரம் தலைவலி. பாட்டுகளின் பெயர் எதுவும் வாயில் நுழையாததால் அவராகவே பெயர் வைத்தார். ஒன்று 'சாவியைத் தொலைத்தவன்', ஒன்று 'மாமியார் வந்துவிட்டார்'. டீச்சர் கையை அந்தரத்தில் நிறுத்திய பாட்டு என்று டயர்க்கடைக்காரி காட்டியதற்கு 'பஸ்ஸைப் பிடிக்கிறவன்' என்று பெயர். அதில் ஊதுகிறவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்து, ஓடி வந்து, ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரே ஒரு அடி அடிக்கும். டம்! பஸ் கதவை ஓங்கித் தட்டிய மாதிரி. பிறகு மறுபடி ஓட்டம். அந்த அடி மட்டும் மாஸ்டருக்குப் பிடித்திருந்தது. அந்த இடம் வந்தால் டாஷ்போர்டில் ஒன்று போடுவார். கொஞ்ச நாளில் பாட்டு ஓடாதபோதும் போட ஆரம்பித்தார். மாணவர்கள் திடுக்கிட்டு வண்டியை அணைத்தார்கள்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் அனுப்பியிருந்த ஒத்திகைப் பதிவைப் போட்டால் பழையபடி படபடப்புதான். கால் துடிக்கும், கை பொத்தானைத் தேடும், பாதியில் நிறுத்திவிடுவார். பதிவு நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் டீச்சர் சாதாரணமாகத்தான் பேசினார், சாப்பிடச் சொன்னார், சட்டையைத் தேய்த்து வைத்தார். அந்த ஒரு பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அவரிடம் அப்போது வங்கியில் காசாளராக இருக்கும் ஒரு அம்மா கற்றுக்கொண்டிருந்தார். தேர்வுக்குப் போவார், தோற்பார், திரும்பி வருவார், மறுபடி போவார். மாஸ்டர் அந்த அம்மாவுக்கு வண்டி வராது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். ஒருநாள் ரவுண்டானாவுக்கு முன்னால் வண்டி நின்றபோது அந்த அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டார்.

"சார், இப்ப பிரேக் போட்டது நானா, நீங்களா?"

"யாரு போட்டா என்னம்மா, வண்டி நின்னுச்சுல்ல?"

"அதான் சார் பிரச்சனை. இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல. நான் மிதிக்கலாம்னு நினைக்கிறதுக்குள்ள நீங்க மிதிச்சிடறீங்க. டெஸ்ட்ல நீங்க இருக்க மாட்டீங்க, அங்க போய் இடிக்கிறேன். தயவு செஞ்சு காலை எடுத்து சீட்டு மேல வைங்க."

மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. மாணவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதா? ஆனாலும் வீட்டில் கேட்டதும் இங்கே கேட்டதும் ஒரே விஷயம்தான் என்று அவருக்கு உறைத்தது. ஷூவைக் கழற்றினார், சீட்டில் சம்மணம் போட்டார். அந்த அம்மா கிளம்பினார். ரவுண்டானாவில் ஒரு வேன் குறுக்கே வந்தது. மாஸ்டர் கண்ணை மூடி, தன் கால் கட்டைவிரலைத் தானே பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தெருவில் ஆனது. ஓரமாக நிறுத்தப் போய் அந்த அம்மா ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டார். தொட்டி உருண்டது, பூனை ஓடியது.

"ஐயையோ!" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும் சார்" என்று அந்த அம்மா சிரித்தார். "எவ்வளவு அழுத்தணும்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவரை வங்கியில் இறக்கிவிட்ட பிறகும் மாஸ்டர் அதே சம்மணத்தோடு தன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்படியே டீச்சரின் ஒத்திகைப் பதிவைப் போட்டார். பஸ்ஸைப் பிடிக்கிறவன். பியானோ மெதுவாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இவருடைய மண்டைக்குள் பழைய பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று பிடிபட்டது. டீச்சர் அதே ஆளைத்தான் காட்டுகிறார், ஆனால் இந்த ஆள் பஸ்ஸை விட்டுவிட்டவன். விட்டுவிட்டு, சரி நடக்கலாம் என்று கிளம்பியவன். பழைய பாட்டில் ஓடித் தாண்டிய ஒவ்வொரு திருப்பத்திலும் இவன் நின்று வேடிக்கை பார்க்கிறான். அங்கே பின்தங்கி, இங்கே குறுக்கு வழியில் புகுந்து, பழைய ஓட்டக்காரனுக்கு முன்னாலேயே மூலைக்கு வந்து நிற்கிறான். மாஸ்டர் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அட, இவ்வளவு குறும்பா இவளுக்கு! இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாமல் போச்சே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. சிரிப்பு அடங்கும் முன் அன்றைக்கு அவர் விட்ட உதை பதிவில் தொம்மென்று கேட்டது. பதிவை அணைத்தார்.

பதிவு நாளன்று டயர்க்கடை வேன் எங்கோ டயர் வெடித்து நடுரோட்டில் நின்றவர்களைக் காப்பாற்றப் போய்விட்டது. டிரம்ஸைக் கொண்டுபோக வண்டி இல்லை. டீச்சர் தாழ்வாரத்துக்கு வந்தார்.

"நம்ம வண்டில கொண்டு போலாமா?"

"போலாமே!" மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"இறக்கிட்டுக் கீழ வண்டிலயே இருங்க."

"சரி" என்றார். வருத்தம்தான், ஆனாலும் அதற்காவது கூப்பிட்டாளே என்று இருந்தது.

நூலகத்து மாடியில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மாஸ்டர் டிரம்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். கடைசியில் டிரம்ஸுக்கு அடியில் விரிக்கும் பாய் கீழேயே தங்கிவிட்டது. அதையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டயர்க்கடைக்காரி அதை விரிக்கும்போது ஒரு முனையை இவர் பிடித்தார். அதற்குள் பதிவு செய்கிறவர் கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, உதட்டில் விரல் வைத்துவிட்டார். இனி உள்ளே இருப்பவர் உள்ளேதான்.

மாஸ்டர் நடு அறையில் நின்றார். இருந்த ஒரே இடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வாத்தியப் பெட்டி வைத்திருந்த ஸ்டூல். எதிரே மைக். கீழே மரத்தரை. டீச்சர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மாஸ்டருக்கு அது கோபத்தைவிட வலித்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூல் மேல் இரண்டு காலையும் தூக்கி, ஒரு மூட்டையாகச் சுருண்டு உட்கார்ந்தார்.

ஒன்றிரண்டு பாட்டுகள் அப்படியே கடந்தன. முதலில் அவருக்கு வியர்த்தது, இசை காதில் ஏறவில்லை, கால் மட்டும்தான் ஞாபகம். பிறகு சாவியைத் தொலைத்தவன் வந்தான், மாஸ்டருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தேடுகிறார், டயர்க்கடைக்காரி மேசை மேல் தேடுகிற மாதிரி பிரஷ்ஷால் துழாவுகிறாள், சாவி டீச்சரின் இடது கையில் இருக்கிறது! யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கால் மரத்துப்போய் எப்போது கீழே இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

பஸ்ஸைப் பிடிக்கிறவன் வந்தான். நடந்தான், நின்றான், வேடிக்கை பார்த்தான். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு வேகம் பிடித்தான். மாஸ்டருக்குள் பழைய பாட்டும் கூடவே ஓடியது. இரண்டும் ஒரே தெருவுக்கு வந்தன, தோளோடு தோள் உரசின. அப்போது மூன்று பேரும் நின்றார்கள். டீச்சரின் கை அந்தரத்தில். அறையில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

மாஸ்டர் பயப்படவில்லை. சத்தியமாகப் பயப்படவில்லை. அவருக்குள் பாட்டு நிற்கவில்லை, அவ்வளவுதான். அது ஓடி வந்து அந்தக் கதவைத் தட்டும் இடத்துக்கு வந்தது. கால் தட்டிவிட்டது.

தொம்!

பதிவு செய்கிறவர் தலையில் கை வைத்தார். டீச்சர் திரும்பவில்லை. அந்தரத்தில் நின்ற கை மெல்ல இறங்கி, பியானோவின் அடிக் கட்டைகளில், மிக ஆழத்தில், தொம் என்றது. டயர்க்கடைக்காரியின் கால் பெரிய டிரம்மில் தொம் என்றது. மருந்துக்கடைக்காரர் சிரித்தபடி ஒரு கம்பியைச் சுண்டினார். மூவரும் அந்த ஒரே அடியை ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டுப் பிடித்து, கேட்டு, பதில் சொல்லி, கேலி செய்து, அதிலிருந்தே பறந்தார்கள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மாஸ்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார், மூக்கை உறிஞ்சாமல் அழுதார், மைக் பக்கத்தில் இருந்ததே.

எல்லாம் முடிந்ததும் பதிவு செய்கிறவர் ஓடி வந்தார். "அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்ப எடுத்துடலாம் டீச்சர். அந்தச் சத்தம் இல்லாம."

"வேண்டாம்" என்றார் டீச்சர். "இருக்கட்டும்."

திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது. பயிற்சி வண்டியின் பின் சீட்டு முழுக்க டிரம்ஸ். மாஸ்டர் ஓட்டினார், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தெருவில் டீச்சர் கேட்டார்.

"மறுபடியும் பயந்துட்டீங்களா?"

"பயமா? சேச்சே." மாஸ்டர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பழைய பாட்டுல அந்த இடத்துல ஒரு அடி இருக்கு. எல்லாரும் சேர்ந்து அடிப்பாங்க. நீ அதை விட்டுட்ட."

டீச்சர் அவர் பக்கம் முழுவதுமாகத் திரும்பினார்.

"நான் விட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? அந்த அடிக்காகத்தானே அந்தப் பாட்டையே கேக்கறேன்."

டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். முன்னால் சிக்னல் சிவப்பானது. மாஸ்டர் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி தானாக, அழகாக, கோட்டுக்கு முன்னால் நின்றது. குனிந்து பார்த்தார். பக்கத்து சீட்டின் பிரேக் மேல் டீச்சரின் கால் இருந்தது.